ஆறு மணிப் பட்டியல்

மலையூரான யகூபியில் சேவல் கூவுவதற்கு முன்பே தியோபிலோ கூவிவிடுவார். ஊராட்சிக் கட்டடத்தின் உச்சியில் நாலு திசைக்கும் நாலு குழாய் ஒலிபெருக்கி. கீழே ஒரு குட்டி அறை. அதற்குள் ஒரு மைக், ஒரு நாற்காலி, முறை வந்து இந்த வருஷத்து ஊர்ப்பணி தலையில் விழுந்த தியோபிலோ. காலை ஆறு மணியானால் மலையே அதிரும்.

"ஊர் ஜனங்களே, வணக்கம். எலோதியா வீட்டுல பன்னி அடிச்சிருக்காங்க, வறுத்த தோல் சூடா இருக்கு. சோம்பு போட்ட ரொட்டி வேணுங்கறவங்க மேலத்தெருவுக்குப் போங்க. கறுப்புக் கழுதை ஒண்ணு, இடது காது கிழிஞ்சது, முந்தாநாள்லேருந்து காணோம். பாத்தவங்க கட்டிப் போடுங்க."

இதெல்லாம் சும்மா ஒப்புக்கு. ஊர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது இதற்கு அடுத்து வருவதற்குத்தான். தியோபிலோ தொண்டையைச் செருமி, "இனி டீச்சர் பட்டியல்" என்பார். சோளம் அரைக்கும் மில்லில் வரிசையில் நிற்கும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். காப்பிக் கிண்ணம் வாய்க்குப் பாதி வழியில் நிற்கும். மைக்கில் ஒதீலியா டீச்சரின் குரல் வரும்.

"நேத்து சாயந்திரப் பயிற்சி. அரசேலி, ரெமேதியா மக: பந்தைக் கை நழுவ விட்டது ரெண்டு தடவை. எவெலியா, பழனோவா மக: ஓடாம நின்னது மூணு தடவை..."

இப்படிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் உள்ள ஒன்பது பேரின் தப்பும், யார் பெற்ற பிள்ளை என்ற விவரத்தோடு, மலைக்கு அந்தப் பக்கத்துக் காப்பித் தோட்டம் வரைக்கும் போய்ச் சேரும். அதோடு விடுமா? யாராவது ஒருத்தர் அதைப் போனில் பதிவு செய்து, லாஸ் ஏஞ்சல்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் அப்பன்மார்களுக்கும் அனுப்பிவைப்பார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். இங்கே அந்த வாய்க்கு மின்சாரமும் கொடுத்திருந்தார்கள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தது ஒதீலியாதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊரான லச்சீதாவிடம் முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்ற மறுநாள், ஆத்திரம் அடங்காமல் போய் மைக்கைப் பிடுங்கி ஒவ்வொருத்தி தப்பையும் படித்தாள். அன்று சாயந்திரம் ஒன்பது பேரும் கால் மணி நேரம் முன்பாகவே திடலுக்கு வந்து நின்றார்கள். அடியாத மாடு படியாது என்று அவளுக்கு அப்போது உறுதியாகிவிட்டது. அன்றிலிருந்து நோட்டும் பென்சிலுமாக ஓரக்கோட்டில் அலைய ஆரம்பித்தாள்.

அலைவது என்றால் சாதாரண அலைச்சல் இல்லை. ஒதீலியாவுக்கு முப்பத்தைந்து வயது. அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் ஜன்னலுக்கும் பலகைக்குமாக நடப்பாள். ஆட்டம் நடந்தால் பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு கோட்டோரமாக இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓடுவாள். ஆட்டம் முடிந்த பிறகு அவள் ஓடிய தடத்தை விதைத்தோலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஊர்த் திருவிழாவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலை, அவள் பட்டியலோடு ஊராட்சிக் கட்டடத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். பனி மூட்டம். நீட்டிய கை தெரியவில்லை. எதிரே திடல் இருக்க வேண்டும், அதுவும் தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. வளையத்தில் நூல் வலை மழைக்கு நிற்காது என்று சங்கிலி வலை மாட்டியிருந்தார்கள். பந்து உள்ளே விழுந்தால் அது சலங் என்னும்.

சலங். பந்து தரையில் தட்டும் சத்தம். சலங். மறுபடி சலங்.

யாரென்று ஒதீலியாவுக்குத் தெரியும். சிரிலா, ஒன்பதாம் வகுப்பு, அணியின் மூளை. காலில் அப்பா அமெரிக்காவிலிருந்து அனுப்பிய வெள்ளை ஷூ. தினமும் இப்படித்தான், வெளிச்சம் வருவதற்கு முன்னால் தனியாக வந்து எறிவாள். பத்துக்கு ஏழு விழும். அதே பெண் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தால் சுட்ட கிழங்கை வாங்கினவள் மாதிரி அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். மார்ச் மாதத்துக்கு அப்புறம் அவள் ஓர் ஆட்டத்திலும் வளையத்தைப் பார்த்து எறியவில்லை.

இவளுக்கு என்ன வந்தது? இந்தக் கேள்வி ஒதீலியாவைச் சாப்பிடவிடவில்லை, தூங்கவிடவில்லை. சிரிலா எறிந்தால் அணி ஜெயிக்கும், எறியாவிட்டால் ஜெயிக்காது. கணக்கு அவ்வளவுதான். மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நம்பினாள். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில்கூட நோட்டைத் தூக்கிக் காட்டிப் பெருமையடித்தாள். "பாருங்க, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆட்டத்துக்கு நாப்பது தப்பு. இப்போ பத்தைத் தாண்டறதில்ல!" பெற்றோர் கை தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை திருவிழா தொடங்கியது. கோயில் படிக்கட்டில் பேண்டு வாத்தியக்காரர்கள், எதிரே திடல், திடலைச் சுற்றி மூன்று ஊர் ஜனம். பெண்கள் போட்டியில் மூன்றே அணிகள்: யகூபி, லச்சீதா, தபேரா. ஒவ்வோர் அணியும் மற்ற ரெண்டோடும் ஆட வேண்டும். முதல் பரிசு ஒரு கிடாரிக் கன்று, இரண்டாம் பரிசு ஒரு வான்கோழி. ஆண்களுக்கு மட்டும் காளை. அது ஏன் அப்படி என்று கேட்டால் பெரிய மனிதர்கள் சிரித்து மழுப்புவார்கள், அது வேறு கதை.

முதல் ஆட்டம் லச்சீதாவோடு. கடைசி நிமிஷத்தில் லச்சீதா பத்தொன்பது, யகூபி பதினெட்டு. பந்து யகூபி கையில். ஒரே ஒரு கூடை விழுந்தால் போதும்.

பந்து சிரிலாவிடமிருந்து எவெலியாவுக்குப் போனது. எவெலியாவிடமிருந்து அரசேலிக்கு. ஆறடி நெருங்கிய அந்த அரசேலி வளையத்துக்கு முதுகைக் காட்டி, பந்தை மறுபடி சிரிலாவிடம் கொடுத்தாள். ஐந்து பேரும் கல்யாண வீட்டில் தட்டு மாற்றுவதுபோலப் பந்தை மரியாதையாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஜனம் முதலில் கத்தியது, பிறகு குழம்பியது, பிறகு சிரிக்க ஆரம்பித்தது.

"போடுடீ! போடு!" ஒதீலியாவின் வாயிலிருந்து விதைத்தோல் தெறித்தது.

பத்து விநாடி இருக்கும்போது சிரிலா வளையத்துக்கு நேர் கீழே தனியாக நின்றாள். எதிரில் ஒருத்தியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் விழும். அவள் பந்தை நெற்றிக்கு உயர்த்தினாள். வளையத்தைப் பார்த்தாள். அதற்கும் மேலே, ஊராட்சிக் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தாள். கையை இறக்கி, பந்தை எவெலியாவிடம் தள்ளினாள். விசில் ஒலித்துவிட்டது.

"என்ன யகூபிக்காரங்களே, பந்துல முள்ளு கிள்ளு இருக்கா?" என்று லச்சீதாக்காரன் ஒருவன் கேட்டான். திடலே குலுங்கிச் சிரித்தது.

சாயந்திரம் ஒதீலியா ஓரக்கோட்டில் நின்றபடியே நாளைய பட்டியலை எழுத நோட்டைத் திறந்தாள். சிரிலா என்று எழுதினாள். நழுவ விட்டது, இல்லை. தப்பான பாஸ், இல்லை. தவறிய ஷாட், இல்லை. பென்சில் நின்றது. அரசேலிக்கு ஒன்று. எவெலியாவுக்கு ரெண்டு. மொத்த அணிக்கும் சேர்த்து ஐந்து தப்பு. ரெண்டு வருஷத்தில் இவ்வளவு குறைந்ததே இல்லை. தோற்றதும் இப்படித் தோற்றதில்லை.

அவள் அந்தப் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தபோது எவெலியா வந்து ஒரு சட்டையை நீட்டினாள். ஐந்தாம் எண் போட்ட பச்சைச் சட்டை, ஒழுங்காக மடித்தது.

"சிரிலா குடுக்கச் சொன்னா டீச்சர். இனிமே வரமாட்டாளாம்."

ஒதீலியா நோட்டை மூடினாள். சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறினாள். ஏறினாள் என்ன, ஓடினாள்.

சிரிலாவும் அவள் அம்மா ஹசிந்தாவும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சோளக் கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அலமாரிக்கு மேலே வெள்ளை ஷூ வந்த பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. ஹசிந்தா ஒரு முக்காலியைத் தள்ளினாள். ஒதீலியா உட்காரவில்லை.

"ஏண்டி போடல? வளையம் உன் முன்னாடி வாயத் தொறந்துட்டு நின்னுச்சே!"

சிரிலா நிமிரவில்லை. "போட்டா தவறும் டீச்சர்."

"தவறினா என்ன?"

"தவறினா பட்டியல்ல வரும். பாஸ் குடுத்தா வராது."

ஒதீலியாவுக்கு உடனே புரியவில்லை. கணக்கு டீச்சருக்கு இவ்வளவு சுலபமான கணக்கு புரியாமல் போனது அதிசயம்தான். ஆனால் நாமே போட்ட கணக்கில் பிழை நம் கண்ணுக்குத் தெரியாது.

"மார்ச்சுல ஒரு ஆட்டத்துல அஞ்சு ஷாட்டு தவறிருச்சு. நீங்க மைக்ல படிச்சீங்க," என்றாள் சிரிலா. "அன்னிக்கே அப்பா போன் பண்ணாரு. ஷூவத் திருப்பி அனுப்பிரு, உன் கால்ல அது வீணுன்னு சொல்லிச் சிரிச்சாரு. வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு. எனக்குத் தெரியும்."

"மில்லுல ரெமேதியா என்னைக் கேட்டா," ஹசிந்தா இடையில் புகுந்தாள். "உன் மக கையில பன்னிக் கொழுப்பு தடவி அனுப்பறியா ஹசிந்தான்னா. வரிசையே சிரிச்சுது டீச்சர். மறுநாள்லேருந்து நான் அஞ்சு மணிக்கே போய் அரைச்சுட்டு, பட்டியலுக்கு முன்னாடி வீட்டுக்கு ஓடி வந்துடறேன்."

"அப்புறம் கண்டுபிடிச்சேன்," என்று சிரிலா தொடர்ந்தாள். "பந்து வந்த ஒடனே அடுத்தவகிட்ட தள்ளிட்டா தப்பே கெடையாது. அரசேலியும் அதான் பண்றா. எவெலியாவும் அதான். நாங்க பேசி வச்சுக்கலை. தானா எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

"காலையில போடறியேடி! நான் தெனமும் கேக்கறேனே!"

"பனியில யாருக்கும் தெரியாதுல்ல."

அடுப்பில் விறகு வெடித்தது. சிரிலா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. குரல் கோபமாக இருந்தது.

"இன்னிக்கு நான் ஒரு தப்புகூடப் பண்ணலையே டீச்சர். நீங்க சொன்னபடிதானே இருந்தேன்? அப்பவும் கத்தறீங்க. இனி என்னதான் பண்றதுன்னு எனக்குத் தெரியல. அதான் சட்டையக் குடுத்துட்டேன்."

ஒதீலியா வீட்டுக்குத் திரும்பி நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். தப்புகள் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தன. பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்த புள்ளிகளும் கூடவே குறைந்துகொண்டே வந்தன. நாற்பத்தொன்று, முப்பத்தாறு, இருபத்தெட்டு, பதினெட்டு. ரெண்டையும் எழுதியது அவள் கைதான். ஒன்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் இன்னொன்றைப் பார்க்கவேயில்லை.

அவளுக்குத் தன் பத்தொன்பது வயது ஞாபகம் வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அணியில் ஆடியபோது, ஷாட் தவறியவளை நடுவில் நிறுத்தி மற்றவர்களை ஊளையிடச் சொல்வார் பயிற்சியாளர். "அப்படித்தான் நான் உருப்பட்டேன்" என்று பிள்ளைகளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஊளைக்கு அப்புறம் பதினாறு வருஷமாக, நாலு பேர் பார்க்க அவள் ஒரு பந்தும் எறிந்ததில்லை. விசில் ஊதினாள், கோடு போட்டாள், கத்தினாள். எறியவில்லை. உருப்பட்டவள் செய்கிற வேலையா இது? வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. தான் பட்ட காயத்தையே பாடமென்று நினைத்து, ஒன்பது பெண்களுக்கும் அதைப் பங்கு வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை ஆறு மணி. தியோபிலோ கழுதை கிடைத்த செய்தியைச் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்ததாம். "இனி டீச்சர் பட்டியல்."

"நேத்து ஆட்டம்," என்று ஆரம்பித்தாள் ஒதீலியா. "சிரிலா, ஹசிந்தா மக: தப்பு எதுவும் இல்ல. மொத்த அணிக்கும் அஞ்சே தப்பு. நாம தோத்துட்டோம். இன்னும் ஒரு பேரு பாக்கி இருக்கு. ஒதீலியா, செவெரோ மக: பிள்ளைங்களுக்குப் பந்து போடக் கத்துக் குடுக்காம, பயப்படக் கத்துக் குடுத்தது. ரெண்டு வருஷமா, தெனமும் ஒரு தடவை. அவ்வளவுதான் பட்டியல். இனி இந்த மைக்ல எத்தனை தவறுச்சுன்னு படிக்க மாட்டேன். யாரு எத்தனை தடவை துணிஞ்சு எறிஞ்சான்னுதான் படிப்பேன்."

மைக்கை அணைத்துவிட்டு தியோபிலோ தலையைச் சொறிந்தார். "டீச்சர், ஊரே இதுக்குத்தான் எந்திரிக்குது. இப்படிப் பண்ணிட்டீங்களே."

"இனிமே கழுதைக்கு எந்திரிக்கட்டும் அண்ணே."

மதியம் தபேராவோடு ஆட்டம். சிரிலா வந்திருந்தாள். ஆனால் பாவாடை சட்டையில், அம்மா பக்கத்தில், கம்பித் தடுப்புக்கு வெளியே. காலில் மட்டும் வெள்ளை ஷூ. ஒதீலியா பச்சைச் சட்டையை நீட்டினாள். சிரிலா வாங்கவில்லை.

"காலையில கேட்டியா?"

"கேட்டேன். மைக்ல யாரு வேணா பேசலாம் டீச்சர்."

"சரி, நான் என்ன பண்ணணுங்கற?"

சிரிலா திடலைப் பார்த்தாள். "நீங்க பந்து போட்டு நான் பாத்ததே இல்ல."

"நாங்க யாருமே பாத்ததில்ல," என்று எவெலியாவும் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அரசேலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று ஊர் ஜனம். பேண்டு வாத்தியம். முன்வரிசையில் செங்கோல் பிடித்த ஊர்ப் பெரியவர்கள். ஒதீலியா பச்சைச் சட்டையைக் கம்பித் தடுப்பின்மேல் போட்டாள். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு பந்தை வாங்கிக்கொண்டு நடந்து போய், வளையத்துக்கு நேர் எதிரே ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றாள்.

முதல் பந்து பலகையின் அடிவிளிம்பில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டாவது பலகையையும் தொடவில்லை, வளையத்தையும் தொடவில்லை. குதித்துக் குதித்துக் கோயில் படிக்கட்டுக்குப் போய், பெரிய குழல் ஊதுகிறவர் மடியில் உட்கார்ந்தது. திடல் வெடித்துச் சிரித்தது. தியோபிலோ ஆட்ட மைக்கில், "டீச்சர், அவரு நம்ம அணி இல்ல!" என்றார். பதினாறு வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது முழுசாக வந்து அவள் தலையில் இறங்கியது. இறங்கியது, அவ்வளவுதான். அவள் நின்ற இடத்தில்தான் நின்றாள். பந்து திரும்பி வந்தது. மூன்றாவதை எறிந்தாள். நாலாவது சலங் என்றது.

பத்து எறிந்து முடித்தபோது அவள் நெற்றி வியர்த்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "பத்துக்கு மூணு. நாளைக்குப் படிச்சுருங்க அண்ணே!" என்று தியோபிலோவைப் பார்த்துக் கத்தினாள். திரும்பிப் பார்த்தால் சிரிலா பச்சைச் சட்டையைத் தலை வழியாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

சினிமாவாக இருந்தால் அவள் எறிந்ததெல்லாம் விழுந்திருக்கும். இது யகூபி. சிரிலாவின் முதல் ஷாட் வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும். "கொழுப்புக் கை!" என்று கூட்டத்தில் ஒரு குரல். ஒதீலியாவின் கால் தானாக எழுந்தது. அவள் அதைப் பிடித்து உட்காரவைத்தாள். ஆமாம், அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நெருப்பின்மேல் உட்கார்ந்திருப்பவள் மாதிரி. "அடுத்ததையும் போடு!" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

நாலாவது ஷாட்டும் தவறியபோது ஒன்று நடந்தது. அரசேலி குதித்தாள். வளையத்திலிருந்து தெறித்த பந்தைக் காற்றிலேயே பிடித்து, இறங்குவதற்கு முன் உள்ளே திணித்தாள். சலங். இத்தனை மாதமாக அந்த உயரமான பெண்ணுக்கு வேலையே இல்லாமல் இருந்தது. யாராவது எறிந்தால்தானே தவறும், தவறினால்தானே அவள் எடுப்பாள்? சிரிலா எறிந்தால் பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று பிடிபட்டதும் அவள் முன்கூட்டியே போய் நிற்க ஆரம்பித்தாள். எவெலியாவுக்கும் தைரியம் வந்து கண்ணை இறுக்கிக்கொண்டு ஒன்று எறிந்தாள். அது போய் விழுந்துவேறு தொலைத்தது. அவளே நம்பாமல் நடுவரைப் போய்க் கேட்டாள்.

யகூபி இருபத்தேழு, தபேரா இருபத்துநாலு. லச்சீதா ரெண்டு ஆட்டத்தையும் ஜெயித்ததால் கிடாரி அவர்களோடு மலையிறங்கிப் போனது. யகூபிக்கு வான்கோழி. பரிசு வாங்கும்போது அது எவெலியாவின் கையைக் கொத்திவிட்டது. அன்று ராத்திரியே அந்தத் திமிரும் குழம்பில் அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒதீலியாவும் சோளத்தோடு மில் வரிசையில் நின்றாள். பட்டியலைப் படிக்கும் வேலையை தியோபிலோவிடமே விட்டிருந்தாள். மில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பெண்கள் காது கொடுத்தார்கள். ஹசிந்தாவும் இருந்தாள். இன்று அவள் ஐந்து மணிக்கு வரவில்லை, ஆறு மணிக்குத்தான் வந்திருந்தாள்.

"நேத்து ஆட்டம்," என்றது ஒலிபெருக்கி. "சிரிலா, ஹசிந்தா மக: எறிஞ்சது ஒம்பது தடவை. அரசேலி, ரெமேதியா மக: எறிஞ்சது எட்டு தடவை. எவெலியா, பழனோவா மக: எறிஞ்சது மூணு தடவை. டீச்சர் ஒதீலியா, செவெரோ மக: எறிஞ்சது பத்து தடவை, அதுல ஒண்ணு வாத்தியக்காரர் மடியில."

சிரிப்பு அடங்குவதற்கு முன்பே ரெமேதியா ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு நாக்கு சும்மா இருக்காது. "ஒம்பது எறிஞ்சாளாம்! எத்தனை தவறுச்சுன்னு சொல்லலையே? ஏழு ஹசிந்தா, ஏழு! நான் எண்ணினேன்."

வரிசையில் எல்லாரும் ஹசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒதீலியாவுக்குக் கால் பரபரத்தது. ஏதாவது சொல்லிக் காப்பாற்ற வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் ஹசிந்தா சோளப் பாத்திரத்தைக் கீழே வைத்து, தோள் சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏழுதான். நீ எண்ணினதுல பாதியத்தான் எண்ணியிருக்க. அந்த ஏழுல மூணை எடுத்து உள்ள போட்டது யாரு? உன் மக அரசேலிதானே? என் மக தவற விடலேன்னா உன் மகளுக்கு ஏது புள்ளி?"

ரெமேதியா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மூணு சரியாகத்தான் வந்தது.

"கல்லுல போடாத ரொட்டி கருகாதுதான் ரெமேதியா," என்றாள் ஹசிந்தா. "ஆனா அதால யாரு பசியும் ஆறாது. பிள்ளைங்க கருக்கினதையே எண்ணிக்கிட்டு இருந்தோம்னா, அதுங்க அடுப்பையே பத்த வைக்காது. இத்தனை நாளா நாம பண்ணினது அதான். தப்பு பண்ணாத பொண்ணு வேணும்னு நெனச்சோம், ஒண்ணுமே பண்ணாத பொண்ணுதான் கெடைச்சா."

யாரோ இயந்திரத்தைப் போட்டார்கள். ரெமேதியா தன் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்து, "நீ முன்னாடி போ ஹசிந்தா, உன் மக பசியோட இருப்பா," என்றாள்.

வெளியே பனி விலகி வெயில் வந்துவிட்டது. ஊர் முழுக்க விழித்திருந்தது. திடலிலிருந்து பந்து பலகையில் மோதித் தவறும் சத்தம் கேட்டது.